எழுதுகோல் மாணவன் கையில் இருக்கட்டும்

விழாக் காலம் கணக்குப் பார்க்குங் காலமுமாகும். கல்லூரி அன்னை தன் புதல்வரை அழைத்து ஒன்றுகூட்டும் இவ்வேளையில், எழுந்த கட்டடங்கள் இத்தனை, பரீட்சைச் சித்திகள் இத்தனை, விளையாட்டு வெற்றிகள் இத்தனை என்று எண்ணி மகிழ்வது இயல்பே. இம்மலரின் ஏனைய பக்கங்களில் அவ்வெண்ணிக்கைகள் உரியவாறு இடம்பெறும். நாம் இங்கே எடுத்துக்கொண்ட பொருளோ எந்தப் பட்டியலிலும் ஏறாத ஒன்று. ஒரு மாணவன் தானே ஒரு வினாவை எழுப்பி, தானே அளந்து, தானே தேடி, ஒரு விடையைக் காணப் புகும்போது, அவனுக்குத் துணையாக நிற்கும் மூத்தவர் எங்ஙனம் நடந்துகொள்ளல் வேண்டும் என்பதே அது.

இன்றைய பாடசாலைகளிலே செயற்றிட்டம் என்னுஞ் சொல்லைக் கேளாத பிள்ளை இல்லை. பல்கலைக்கழகம் புகுந்தோர் இறுதியாண்டில் ஆய்வேடும் எழுதுகின்றனர். ஏடுகள் அழகாகக் கட்டப்படுகின்றன. அட்டையிற் பொன்னெழுத்துகள் மின்னுகின்றன. முதற் பக்கத்தில் நன்றியுரை நீள்கின்றது. ஆயின் உள்ளே புகுந்து பார்ப்போமாயின், சிலவற்றில் தந்தையாரின் நடை தெரியும். சிலவற்றில் தனியார் வகுப்பாசிரியரின் நடை தெரியும். இன்னுஞ் சில பணங் கொடுத்துப் பிறரைக் கொண்டு எழுதுவித்தவை. இப்பொழுதோ, கேட்ட மாத்திரத்திற் பக்கம் பக்கமாக எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. இத்தகைய ஏடுகளில் மாணவனுக்குச் சொந்தமானது அட்டையிலுள்ள பெயர் ஒன்றே.

இதற்காகப் பிள்ளைகளை வைதல் எளிது. எமது கருத்து அதுவன்று. இக்குறையிற் பெரும்பங்கு பெரியோராகிய எம்மையே சார்ந்தது. வழிகாட்டுதல் யாது, பிள்ளையைத் தோளிற் சுமந்து சென்று முடிவிடத்தில் இறக்கிவிடுதல் யாது என்னும் வேறுபாட்டை நாம் தெளிய அறிந்துகொள்ளவில்லை. எழுதுகோல் மாணவன் கையிலேயே இருத்தல் வேண்டும். அதனைப் பிடுங்காதிருத்தலே வழிகாட்டியின் தலையாய கடன். இதனை நாம் நூல்களிற் படித்துக் கூறவில்லை. ஒருமுறை நாமே பிடுங்கி, அதனால் நாணியபின் கூறுகின்றோம். அக்கதையைச் சொல்லுமுன், நல்ல வழிகாட்டிகள் செய்தது யாதென்று பார்ப்பது முறையாகும்.

வழிகாட்டி கொடுக்கத்தக்க முதற்பொருள் வினா. தமிழுலகு நன்கறிந்த நிகழ்ச்சி ஒன்று இதற்குச் சான்று. உ. வே. சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் 1871ஆம் ஆண்டு தொடங்கி, 1876ஆம் ஆண்டிற் பிள்ளையவர்கள் மறையும் வரை பாடங்கேட்டவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என அவர் கற்றவை ஏராளம். 1880ஆம் ஆண்டிற் கும்பகோணத்தில் முனிசீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், ஐயர் கற்ற நூல்களின் நீண்ட பட்டியலைக் கேட்டு வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினாவினார். ஐயர் படித்ததில்லை. முதலியார் அந்நூலின் பிரதியொன்றைக் கொடுத்து, அதன் பக்கம் அவரைத் திருப்பினார்.

அதன்பின் நடந்தது யாது? பொருள் விளங்காத இடங்களை ஐயர் தாமே தேடினார். சமண சமயக் கொள்கைகளை அறியும்பொருட்டுச் சமணரிடமே சென்று கேட்டார். ஏட்டுப் பிரதிகளைச் சேர்த்தார், ஒன்றோடொன்று ஒப்புநோக்கினார். 1887ஆம் ஆண்டிற் சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. வினா முதலியாருடையது, ஏழாண்டு உழைப்பு ஐயருடையது. முதலியார் தமிழ் கற்பித்து வாழ்ந்தவர் அல்லர், நீதித்துறை உத்தியோகத்தர். ஆயினும் அந்த ஒரு வினா எழாதிருந்தால், ஐயர் வாழ்வு எத்திசையிற் சென்றிருக்குமோ!

இரண்டாவதாகக் கொடுக்கத்தக்கது நோக்கும் முறை. இதற்கு நம் நாட்டுச் சான்றே உண்டு. பேராசிரியர் க. கைலாசபதியும், அவருக்குப் பின் பேராசிரியர் கா. சிவத்தம்பியும், தத்தம் கலாநிதிப் பட்ட ஆய்வினை இங்கிலாந்திலுள்ள பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், ஜோர்ஜ் தொம்சன் என்பாரிடத்தே செய்தனர். தொம்சன் கிரேக்க மொழிப் பேராசிரியர். சங்கச் செய்யுளைப் பற்றி ஆராயப் புகுந்த ஒருவர் கிரேக்கம் கற்பிப்பவரிடம் சென்றது ஏன் என்று ஐயுறுவோர் இருக்கலாம். அங்கேதான் உட்பொருள் உளது. தொம்சன் ஐரிஷ் மொழியைக் கற்று, அயர்லாந்தின் மேற்கிலுள்ள பிளாஸ்கற் தீவு மக்களோடு பழகி, வாய்மொழியாய் வழங்கும் பாட்டின் இயல்பினை அவர்களிடம் அறிந்து, அவ்வறிவினை ஹோமரின் காவியங்களுக்கு ஒளியாகக் கொண்டவர். அவர் கொடுக்கக்கூடியது அந்நோக்கு. அதனைத் தமிழ்ச் செய்யுளின்மேற் செலுத்தி, பிற மொழிகளின் வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டுக் கைலாசபதி எழுதிய ஆய்வு, 1968ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் பதிப்பாகத் தமிழ் வீரயுகப் பாடலைப் பற்றிய ஆங்கில நூலாய் வெளிவந்தது. சிவத்தம்பியின் ஆய்வும், பண்டைத் தமிழ்ச் சமுதாயத்து நாடகத்தைப் பற்றிய நூலாக 1981இல் வெளிவந்தது. ஆசிரியர் ஒருவர், முறை ஒன்று, நூல்களோ இரண்டு, ஒன்று மற்றொன்றின் நிழலன்று. மாணவனது பொருளில் மாணவனே மிக அறிந்தவனாக இருக்கலாம். அதனால் வழிகாட்டிக்கு இழுக்கு எதுவும் இல்லை என்பதனை இது காட்டுகின்றது.

இனி எமது கதைக்கு வருவோம். 2012ஆம் ஆண்டில், உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எம்மிடம் வந்தார். நாம் அக்காலத்தில் இரசாயனங் கற்பித்துவந்தோம். யாழ்ப்பாணத்தின் நிலத்தடி நீரைப் பற்றி ஒரு செயற்றிட்டம் செய்ய விரும்புவதாகக் கூறினார். கடலைக் கையால் அள்ள முடியாது. குடத்தில் அடங்குமளவே மொள்ளலாம் என்று சொல்லி, வினாவைச் சுருக்கும்படி கேட்டோம். இரண்டு கிழமை சிந்தித்துவிட்டு வந்தார். தம் ஊரிலே கடற்கரையிலிருந்து உள்நோக்கிச் செல்லும் ஒழுங்கை ஒன்றை அண்டியுள்ள பன்னிரண்டு கிணறுகளை எடுத்துக்கொண்டு, மாசி முதல் ஆவணி வரை அவற்றின் உவர்ப்பு எவ்வாறு மாறுகின்றது என அளக்கப் போவதாகக் கூறினார். இதுகாறும் நாம் நல்ல வழிகாட்டியாகவே இருந்தோம்.

அளக்கும் முறை பழையதும் எளியதுமாகும். நீரிற் பொட்டாசியங் குரோமேற்றுக் கரைசலிற் சில துளி சேர்த்து, அளவியிலிருந்து வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை மெல்ல விடுவர். மஞ்சள் நிறம் செங்கல் நிறமாகத் திரும்பத் தொடங்குங் கணத்தில் நிறுத்தி, சென்ற கரைசலின் அளவைக் கொண்டு குளோரைட்டின் அளவைக் கணக்கிடுவர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பள்ளி விட்டபின், பன்னிரண்டு போத்தல்களைத் துவிச்சக்கரவண்டியிற் கட்டிக்கொண்டு அவர் வந்து சேர்வார். எண்கள் அழகாக அமைந்தன. கடலுக்கு அணித்தான கிணறுகளில் உவர்ப்பு மிகுதி. உட்செல்லச் செல்லக் குறைவு. கோடை முதிர முதிர எங்கும் சிறிது ஏற்றம். வரைபிற் புள்ளிகள் ஒரு கோட்டில் ஒழுங்காக நின்றன.

பதினோராங் கிணறு மட்டும் கோட்டில் நிற்க மறுத்தது. கடலுக்கு மிகத் தொலைவிலுள்ள இரண்டனுள் அஃது ஒன்று. ஆனி தொடங்கி அதன் உவர்ப்பு விரைவாக ஏறியது. ஆடியிற் கடற்கரைக் கிணறுகள் சிலவற்றையும் மிஞ்சியது. போத்தல் சரியாகக் கழுவப்படவில்லை என்றோம். கழுவி மீண்டும் எடுத்துவந்தார், அதே எண். அளவியைப் பார்த்ததிற் பிழை என்றோம். எம் கண்முன்னே மும்முறை செய்து காட்டினார், அதே எண். ஏட்டினை ஒப்படைக்கும் நாளோ நெருங்கிவிட்டது. "தம்பி, இந்த ஒன்று முழுவதையும் குழப்புகின்றது. பதினொரு கிணறுகள் போதும், இதனை விட்டுவிடும்" என்றோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "சரி சேர்" என்றார். வரைபை நாமே சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தோம். ஏடு பாராட்டும் பரிசும் பெற்றது. நன்றியுரையில் எமது பெயர் முதலாவதாக இருந்தது.

மாரி கழிந்து, அடுத்த ஆண்டுத் தை மாதத்தில் அம்மாணவர் தம் குறிப்பேட்டுடன் எம் வீட்டுக்கு வந்தார். "சேர், நீங்கள் சொன்னபடி அந்தக் கிணற்றை ஏட்டில் விட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கிணறு உவர்த்துக்கொண்டுதான் இருக்கிறது" என்றார். ஏடு முடிந்தபின்னும் அவர் அளத்தலை நிறுத்தவில்லை. அன்றியும், நாம் இருவரும் முன்னர்ச் செய்யாத ஒன்றை அவர் செய்திருந்தார். கிணற்றின் சொந்தக்காரியாகிய ஆச்சியைக் கண்டு கேட்டிருந்தார். "போன வருசந்தான் மோனை, அடிக்கல்லைத் துளைச்சுக் குழாய் இறக்கினது. வெங்காயத்துக்கு விடிய மெசின் வைச்சால் மத்தியானம் மட்டும் ஓடும்" என்று ஆச்சி சொன்னாராம்.

அச்சொல் எல்லாவற்றையும் விளக்கிவிட்டது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மழை சுண்ணக்கல்லினூடே இறங்கி, அடியிலுள்ள கடல் நீரின்மேல் மிதக்கின்றது. கடல் நீர் நன்னீரிலும் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு பாரங் கூடியது. ஆதலின் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், அம்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. இதன் மறுபுறம் அச்சந் தருவது. மேலே நீர் மட்டம் ஓரடி இறங்கி நிலைக்குமாறு இறைத்தால், கீழிருந்து உவர்நீர் 40 அடி வரை ஏறி வர இடமுண்டு. துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் மனிதரின் கைவலியே நீருக்குக் காவலாயிருந்தது. ஆழத் துளைத்து இயந்திரத்தால் இறைக்கும்போது, உவர் பக்கவாட்டிற் கடற்கரையிலிருந்து வரவேண்டுமென்பதில்லை. நேரே கீழிருந்து எழும். கடலுக்குத் தொலைவிலிருக்கிறோம் என்று அமைதியாயிருப்போரின் கிணறும் உவராகலாம்.

அந்த ஊரவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி அதுவே. கடற்கரைக் கிணறு கோடையில் உவர்க்கும் என்பதனை அறியப் பிள்ளை ஒருவர் ஏழு மாதம் துவிச்சக்கரவண்டி மிதிக்க வேண்டியதில்லை. அவ்வூர்க் குழந்தையும் அதனை அறியும். பன்னிரண்டு கிணறுகளில் ஒன்றே புதிதாக ஒன்றைச் சொல்லிற்று. அதனையே நாம் வாயடைத்தோம். அம்மாணவருக்குக் கண்ணும் கையும் சரியாக இருந்தன. சரியில்லாதிருந்தது எம்முடைய சிவப்பு மை.

நாம் இருவரும் அவர் பாடசாலைக்குச் சென்று, விடயத்தைச் சொல்லி, ஏட்டின் இறுதியில் ஒரு தாள் சேர்த்தோம். விலக்கப்பட்ட எண்களையும், ஆச்சி கூறியதனையும் அவர் அதில் எழுதினார். விலக்கச் சொன்னவர் நாமே என்பதனை அதன்கீழ் எழுதி நாம் கையொப்பமிட்டோம். அந்த ஏட்டில் எமது கையெழுத்து இருக்கத்தக்க இடம் அஃது ஒன்றே என இன்றும் கருதுகின்றோம்.

இத்தகைய வேளையில் வழிகாட்டி எங்ஙனம் நடந்திருத்தல் வேண்டும் என்பதற்கு, உலகறிந்த ஒரு வரலாற்றைக் காட்டுவோம். 1967ஆம் ஆண்டிற் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜோசலின் பெல் என்னும் ஆராய்ச்சி மாணவி, அன்ரனி ஹியூவிஷ் என்பாரின் வழிகாட்டலில், நாலரை ஏக்கர் நிலத்திற் பரந்த வானொலித் தொலைநோக்கி ஒன்றினை அமைப்பதிற் பங்குகொண்டு, பின்னர் அதனை இயக்கிவந்தார். நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 அடி நீளக் காகிதச் சுருளில் அதன் பதிவுகள் வரும். அவற்றைக் கண்ணால் ஆராய்வது அவர் வேலை. 400 அடிக் காகிதத்தில் ஏறத்தாழக் கால் அங்குல இடத்தில், எதனோடும் பொருந்தாத ஒரு கீறலை அவர் கண்டார். மற்றொருவராயின் ஏதோ குறுக்கீடு என்று கடந்திருப்பார். அவர் கடக்கவில்லை. வானத்தின் அதே பகுதியிலிருந்து அது மீண்டும் வந்ததனை நினைவிற் கொண்டார்.

இதனை விரைந்து ஓடுங் காகிதத்திற் பதிவுசெய்தல் வேண்டும் என்று இருவரும் முடிவுசெய்தனர். நாள்தோறும் சென்று முயன்றும் பல வாரம் ஒன்றும் அகப்படவில்லை. கார்த்திகை மாதம் 28ஆந் தேதி, ஏறத்தாழ 1.3 விநாடிக்கு ஒருமுறை தவறாது துடிக்கும் அடையாளம் கிடைத்தது. அவர் தொலைபேசியில் அறிவித்தபோது, அது மனிதர் செய்த ஏதோ ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்று ஹியூவிஷ் கருதினார். ஐயுற்றது குற்றமன்று, ஐயுறுதல் வழிகாட்டியின் தொழில். ஆனால் அவர் அவ்வளவில் நிற்கவில்லை. மறுநாள் உரிய நேரத்திற்குத் தாமே வந்து, மாணவியின் அருகில் நின்று, அந்த அடையாளம் வருவதைக் கண்ணாற் கண்டார். விலக்கும்படி கூறவில்லை, காரணங்களை ஒவ்வொன்றாகச் சேர்ந்து சோதித்தனர். 1968ஆம் ஆண்டு மாசியில் அக்கண்டுபிடிப்பு வெளியிடப்பட்டது. துடிப்பு விண்மீன்கள் என இன்று நாம் அறிவன அவையே. நாமும் பதினோராங் கிணற்றடிக்கு ஒருநாட் சென்றிருந்தால், ஆச்சி எமக்கும் அதனையே சொல்லியிருப்பார்.

அவ்வரலாற்றுக்கு மற்றொரு பாடமும் உண்டு. 1974ஆம் ஆண்டு, பௌதிகத்துக்கான நோபல் பரிசு ஹியூவிஷுக்கும் மார்ட்டின் றைல் என்பாருக்கும் வழங்கப்பட்டது. முதலிற் கண்ட மாணவியின் பெயர் அதில் இல்லை. வானியலறிஞர் பிரெட் ஹொயில் இதனைப் பகிரங்கமாகக் கண்டித்தார். பெல் அம்மையாரோ மனங்கசந்து பேசவில்லை. மிக அரிதான வேளையிலன்றி ஆராய்ச்சி மாணவருக்கு நோபல் பரிசு வழங்குதல் தகாது என்றே பின்னர்க் கூறினார். 2018ஆம் ஆண்டில் அவருக்கு 30 இலட்சம் அமெரிக்க டொலர் பெறுமதியான சிறப்புப் பரிசு கிடைத்தபோது, அத்தொகை முழுவதையும், பௌதிக ஆராய்ச்சியில் வாய்ப்புக் குன்றிய மாணவருக்கு உதவும்படி கொடுத்துவிட்டார். அவரது பெருந்தன்மை போற்றத்தக்கது. ஆயினும் மாணவரின் பெருந்தன்மையை நம்பி வழிகாட்டிகள் வாழ்தல் கூடாது. கண்டவர் பெயர் முன்னே வருதலும், துணைநின்றவர் பெயர் பின்னே வருதலுமே நீதி என்பது எமது துணிபு.

மாணவர்களுக்கும் ஒன்று கூறவேண்டியிருக்கின்றது. ஆசிரியரைத் தெய்வமாகக் கொள்ளும் மரபிலே நாம் வளர்ந்தோம். அது நல்ல மரபு. ஆனால் அம்மரபு வாய்மூடியிருத்தலை விதித்ததாக எண்ணுவது பிழை. நன்னூலின் பாயிரத்திலே பாடங்கேட்கும் முறை கூறப்படுமிடத்து, வினாவுதலும் வினாயவற்றுக்கு விடை கூறுதலும் கற்றலின் பகுதிகளாகவே வைக்கப்பட்டுள்ளன. பணிவு வேறு, பணிந்து பொய்யெழுதுதல் வேறு. "சேர், மும்முறை அளந்தேன், அதே எண்தான் வருகிறது. இதனை எழுதத்தான் வேண்டும்" என்று அன்று அம்மாணவர் கூறியிருப்பாராயின், நாம் முதலிற் சினந்திருக்கலாம்; மறுநாள் நன்றி கூறியிருப்போம். அவர் கூறாமைக்குக் காரணம் அவரன்று. எதிர்த்துரைக்க இடமளிக்கும் முகம் எமக்கு அன்று இருந்ததில்லை. அத்தகைய முகத்தினை வைத்திருத்தலும் வழிகாட்டியின் கடன்களுள் ஒன்றாகும்.

எழுதித் தருங் கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். அவற்றை அறவே விலக்குதல் வேண்டுமென நாம் கூறவில்லை. அரிய நூலொன்றின் கருத்தை விளங்கிக்கொள்ளவும், கணக்கினைச் சரிபார்க்கவும் அவை உதவுமாயின் உதவட்டும். ஆனால் கருவி கிணற்றடிக்குப் போகாது, போத்தலைக் கழுவாது, ஆச்சியின் வேலியடியில் நின்று குரல் கொடுக்காது. பதினோராங் கிணற்றின் எண்ணை மாணவன் எழுதாதுவிட்டால், அப்படியொரு எண் உலகில் இருந்ததென்பதனை எந்தக் கருவியும் அறியாது. ஒழுங்கான கோட்டினை வரைந்து தருதல் எவருக்கும் எளிது. கோட்டில் நில்லாத புள்ளியைக் கொண்டுவருதல் வெயிலில் அலைந்த பிள்ளைக்கே இயலும். அதனாற்றான், அப்பிள்ளையின் கையிலுள்ள எழுதுகோல் முன்னெப்போதினும் இன்று பெறுமதி வாய்ந்ததாயிற்று.

குறை கூறி அமைதல் விழா மலருக்கு அழகன்று. ஆதலின் பழைய மாணவர் சங்கத்தாரின் சிந்தனைக்குச் சில யோசனைகளை முன்வைக்கின்றோம். முதலாவது, வழிகாட்ட விரும்பும் பழைய மாணவரின் பட்டியல் ஒன்று கல்லூரியில் இருத்தல் வேண்டும். வைத்தியர், பொறியியலாளர், பேராசிரியர் மாத்திரமன்றி, தோட்டஞ் செய்வோரும் கடற்றொழில் செய்வோரும் கைவினை அறிந்தோரும் அதில் இடம்பெறல் வேண்டும். மாதம் இரண்டு மணித்தியாலம் ஒருவர் கொடுத்தாற் போதும். கடல் கடந்து வாழும் நம்மவர் முகம் பார்த்துப் பேச இன்று தொலைபேசியே போதுமாகையால், தூரம் ஒரு தடையன்று.

இரண்டாவது, செயற்றிட்டஞ் செய்யும் ஒவ்வொரு மாணவனும் தேதியிட்ட குறிப்பேடு ஒன்றினை மையினால் எழுதிவருதல் வேண்டும். பிழையை அழித்தலாகாது, ஒற்றைக் கோட்டால் வெட்டி, அருகே திருத்தத்தை எழுதலாம். வழிகாட்டி அதில் எழுதக்கூடியவை வினாக்கள் மாத்திரமே. இறுதிப் பக்கத்துக்குப் ‘பொருந்தாதவை’ என்று தலைப்பிட்டு, விளங்காமற் போனவற்றையெல்லாம் மாணவன் அங்கே எழுதுதல் வேண்டும். மூன்றாவது, பரிசு வழங்குவோர் பொன்னெழுத்து அட்டையைப் பாராது இக்குறிப்பேட்டைப் பார்த்து, மாணவனை நேரில் வினாவித் தீர்மானித்தல் வேண்டும். பரிசு பெறாத குறிப்பேடுகளும் கல்லூரி நூலகத்திற் பேணப்படல் வேண்டும். ஒருவர் விளங்காது விட்டுச்சென்ற பக்கமே அடுத்தவருக்கு வினாவாக அமையலாம்.

நான்காவது, சங்கம் சேர்க்கும் நிதியில் ஒரு சிறு பகுதி, மாணவர் இரவல் பெற்றுச் செல்லத்தக்க கருவிகளுக்குச் செலவிடப்படுமாயின் நன்று. அளவி, வெப்பமானி, மழைமானி, அளவுநாடா, தராசு ஆகியன பெருஞ் செலவின்றிப் பெறத்தக்கவை. மண்டபத்தின் சுவரில் நன்கொடையாளர் பெயரைப் பொறித்தல் சிறப்பே. ஆயினும் ஒழுங்கையில் மழைமானியுடன் செல்லும் சிறுவனின் கையிலும் அந்த நன்கொடை விளங்கட்டும்.

எமக்கு வழிகாட்டியவர்களை இவ்வேளையில் நினைந்துகொள்கின்றோம். அவர்கள் சொல்லித் தந்தவற்றுட் பல மறந்துபோயின. சொல்லித் தராது, "நீரே பார்த்துவிட்டு வாரும்" என்று எம்மைத் திருப்பியனுப்பிய நாள்கள் மாத்திரம் மறக்கவில்லை. அன்று அதனைக் கடுமை என எண்ணினோம். இன்று அதுவே கருணை என அறிகின்றோம். அக்கருணையைப் பெற்றும், நாமே வழிகாட்டியான வேளையில் அதனை மறந்தோமே என்னும் வருத்தத்தினாலேயே இதனை எழுதலானோம்.

அம்மாணவரின் குறிப்பேட்டின் படி ஒன்று எம்மிடம் இருக்கின்றது. எம்மிடம் ஆலோசனை கேட்டு வரும் பிள்ளைகளுக்கு, பதினோராங் கிணற்றின் பக்கத்தையே முதலில் எடுத்துக் காட்டுகின்றோம். எம் கையில் இருக்குஞ் சிவப்பு மைப் பேனாவை அதன்பின் மேசையின் இழுப்பறையில் வைத்துவிட்டே பேசத் தொடங்குகின்றோம். நம் கல்லூரியின் அடுத்த விழா மலரிலே, இன்றைய மாணவர் ஒருவர், தாம் கண்டதனைத் தம் கையாலேயே எழுதுவாராக. அன்னையின் புகழ் அதனாற் பெருகும். வாழ்க கல்லூரி!